இலைக்கு எந்த நிற வெளிச்சம் வேண்டும்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் மூன்று பக்கத்திலிருந்து வருகின்றன. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். மிளகாய், கத்தரி, பப்பாசி என்று நாற்றுமேடை போட்டு, நிழல்வலை வாங்கப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஊதா வெளிச்சம் தரும் பல்பை வாங்கி வீட்டுக்குள் மாட்டிவிட்டு, “செடி ஏன் இன்னும் நோஞ்சானாக நிற்கிறது?” என்று கேட்பவர்கள் மூன்றாவது. வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் மூன்று பதிலையும் பார்த்துவிட்டுப் போனால் மற்றவை இலேசாகப் புரியும்.

இலை பச்சையாகத் தெரிவதால் பச்சை ஒளி அதற்குப் பயன்படுவதே இல்லை என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை விடாத எண்ணங்களில் இதுவும் ஒன்று.

சூரிய வெளிச்சத்தில் ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளங்களைச் செடி ஒளித்தொகுப்புக்கு, அதாவது வெளிச்சத்தைக்கொண்டு தன் சாப்பாட்டைச் செய்வதற்கு, எடுக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா முதல் சிவப்பு வரையான வீச்சும் கிட்டத்தட்ட இதேதான். இதில் சிவப்பையும் நீலத்தையும் சாதாரண இலை நூற்றுக்கு 90 அளவில் உறிஞ்சிவிடும். பச்சையில் அதைவிடக் குறைவு. ஆனாலும் பெரும்பாலான பயிர்களின் இலையில் அதுவும் நூற்றுக்கு 70, 80 வரை போகும். மிச்சம் கொஞ்சம் தெறித்தும் ஊடுருவியும் வெளியே வருகிறது. நாம் பார்க்கும் பச்சை அந்த மிச்சம் மட்டுந்தான்.

பச்சையத்துக்குப் பச்சை ஒளி மேல் அவ்வளவு நாட்டமில்லை என்பது சரி. ஆனால் இலைக்குள் நுழைந்த பச்சைக் கதிர் நேராக மறுபக்கம் போய்விடுவதில்லை. கலங்களுக்கும் அவற்றின் இடையிலுள்ள காற்றிடைவெளிகளுக்கும் நடுவில் முட்டித் திரும்பி, பச்சையம் இருக்கும் சிறு உறுப்புகளான பச்சையவுருமணிகளைப் பலமுறை கடக்கிறது. ஒருமுறை தப்பியது அடுத்த முறை மாட்டும். சிவப்பும் நீலமும் இலையின் மேற்பரப்பை ஒட்டிய கலங்களிலேயே தீர்ந்துவிடுவதால், இலையின் அடிப்பக்கக் கலங்களுக்குச் சாப்பாடு போடுவது பெரும்பாலும் பச்சை ஒளிதான்.

1972ல் மக்கிறீ என்ற ஆய்வாளர் 22 பயிரினங்களின் இலைகளில் ஒவ்வொரு அலைநீளத்தையும் தனித்தனியாக விட்டு அளந்தார். சிவப்பு முன்னுக்கு நின்றது. ஆனால் பச்சையும் நீலமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. 2009ல் தெராஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் சூரியகாந்தி இலையில் இன்னொரு விடயத்தைக் காட்டினார்கள். வெள்ளை வெளிச்சம் ஏற்கெனவே பலமாக அடிக்கும்போது, மேற்கொண்டு சேர்க்கும் சிவப்பைவிட மேற்கொண்டு சேர்க்கும் பச்சை அதிக ஒளித்தொகுப்பைத் தந்தது. மேற்பக்கக் கலங்கள் நிரம்பி வழிகின்றன, அடிப்பக்கத்துக்கு இன்னும் இடமிருக்கிறது என்பதுதான் காரணம். சித்திரை, வைகாசி மாதத்து வன்னி வெயிலை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விடயம் இல்லை.

பிறகு ஏன் பாடப் புத்தகத்தில் சிவப்பும் நீலமும் என்று இருக்கிறது? சோதனையில் எதை எழுதுவது?

சிவப்பும் நீலமும் கூடுதலாகப் பயன்படுகின்றன, பச்சை குறைவாகப் பயன்படுகிறது என்று எழுதுங்கள், அது பிழையில்லை. “பச்சை பயன்படாது” என்று எழுதினால்தான் பிழை.

எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சும் என்று காட்ட, புத்தகத்தில் உள்ள அந்த இரண்டு மலை போட்ட வரைபு, இலையிலிருந்து பிரித்தெடுத்துக் கரைசலாக்கிய பச்சையத்தை வைத்து வரைந்தது. பச்சையம் ‘ஏ’ கரைசலில் 430 நனோமீற்றருக்கு அண்மையிலும் 662க்கு அண்மையிலும் உச்சமாக உறிஞ்சும். பச்சையம் ‘பி’ 453க்கும் 642க்கும் அண்மையில். நடுவில் பச்சைப் பகுதி பள்ளமாகத் தெரியும். கரைசலில் ஒளி ஒருமுறைதான் கடந்து போகிறது, முழு இலையில் அப்படியில்லை என்று மேலே பார்த்தோம். ஆகவே இலையை வைத்து வரைந்தால் அந்தப் பள்ளம் பாதி தூர்ந்துவிடும்.

எங்கெல்மன் என்ற ஆய்வாளர் 1882ல் செய்த பரிசோதனையும் இதே பாடத்தில் வரும். ஓர் இழைப்பாசியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அரியம் ஒன்றால் பிரித்த நிறங்களை அதன் மேல் விழுத்தி, ஒட்சிசன் உள்ள பக்கம் ஓடும் பற்றீரியாக்களை நீரில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் கும்பலாகக் கூடின. அந்தக் காலத்தில் ஒட்சிசனை அளக்கக் கருவி இல்லாத ஒருவர் பற்றீரியாவையே கருவியாக்கினார் பாருங்கள், அதற்காகவே இந்தப் பரிசோதனையை மறக்கக் கூடாது. ஆனால் அவர் வைத்தது ஒரு கலம் தடிப்புள்ள பாசி. பலாவிலை அல்ல.

நீல ஒளிக்குச் சக்தி அதிகம் என்று பௌதிகத்தில் படிக்கிறோம். அப்படியானால் நீலந்தானே சிறந்தது?

சக்தி அதிகம் என்பது சரி. 450 நனோமீற்றர் நீல ஒளித்துணிக்கை ஒன்றில், 675 நனோமீற்றர் சிவப்புத் துணிக்கையில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு சக்தி இருக்கிறது. ஆனால் இலை என்ற கடையில் மீதிக் காசு தருவதில்லை. 1000 ரூபாப் பொருளுக்கு 1500 ரூபா கொடுத்தாலும் அதே ஒரு பொருள்தான். பச்சையம் நீலத்தைப் பிடித்தாலும், மேலதிக சக்தியைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பலகோடி மடங்கு வேகத்தில் வெப்பமாக விட்டுவிட்டு, சிவப்பைப் பிடித்த நிலைக்கே இறங்கி வந்துதான் வேலையைத் தொடங்கும். போதாக்குறைக்கு நீலத்தில் ஒரு பங்கை மஞ்சள், செம்மஞ்சள் நிறப்பொருள்களான கரற்றீன் வகைகள் பிடித்துக்கொள்கின்றன. அவை அதை முழுதாகப் பச்சையத்துக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றைப் பதிக்கக் குறைந்தது எட்டு ஒளித்துணிக்கைகள் வேண்டும் என்று கணக்குப் போடும்போது, துணிக்கை எத்தனை என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றும் எவ்வளவு பலமானது என்பது இரண்டாம் பட்சம்.

ஆனால் நீலத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. இலையின் காற்றுத்துளையான இலைவாய் திறப்பதற்கு நீலம் ஒரு சைகை. செடி வெளிச்சம் உள்ள பக்கம் வளைவதும் நீலத்தை உணர்ந்துதான். சிவப்பு மட்டும் கொடுத்து வளர்த்த செடி நீண்டு மெலிந்து, இலை சரியாகத் தேறாமல் நிற்கும். கொஞ்சம் நீலம் சேர்த்தால் நிமிர்ந்துவிடும்.

சிவப்பின் அலைநீளம் எவ்வளவு கூடினாலும் பயனா?

680 நனோமீற்றரைத் தாண்டியதும் பயன் சடாரென்று விழும். அமெரிக்க ஆய்வாளர் எமர்சன் இதை 1943ல் குளோரெல்லாப் பாசியில் கண்டார். வேடிக்கை என்னவென்றால், 1957ல் அவரே இன்னொன்றையும் கண்டார்: அந்தப் பயனில்லாத தூரச் சிவப்போடு சாதாரணச் சிவப்பையும் சேர்த்து விட்டால், இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிக ஒளித்தொகுப்பு நடக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு ஒளித்தொகுதிகள் இலைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் முக்கியத் தடயம். ஒன்று 680க்கு அண்மையிலும் மற்றது 700க்கு அண்மையிலும் வேலை செய்கின்றன. இந்த இரண்டு தொகுதிகளையும் இணைத்துக் காட்டும், உயர்தரத்தில் படிக்கும் அந்த இசட் வடிவப் படத்தின் அடிப்படையை 1960ல் ஹில், பெண்டல் இருவரும் வெளியிட்டார்கள். எமர்சன் அதைப் பார்க்கவில்லை; 1959ல் விமான விபத்தில் இறந்துபோனார்.

சிவப்புக் கீரையில் பச்சையே இல்லையே, அது எப்படிச் சாப்பாடு செய்கிறது?

சிவப்புக் கீரையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் தண்ணீர் கடும் இளஞ்சிவப்பாகும். இலையை அகப்பையால் எடுத்துப் பார்த்தால் சிவப்பு கழன்று பச்சை தெரியும். பச்சை எப்போதும் அங்கேதான் இருந்தது. மேலே சிவப்பு மூடியிருந்தது. இந்தச் சிவப்பு பீற்றூட்டில் உள்ள அதே குடும்பத்து நிறப்பொருள், நீரில் கரையும். பச்சையம் நீரில் கரையாது, அதனால் இலையிலேயே நின்றுவிடுகிறது.

அந்தச் சிவப்புப் பொருள் பச்சை ஒளியைத்தான் முக்கியமாக விழுங்குகிறது. விழுங்கியதை ஒளித்தொகுப்புக்குக் கொடுப்பதில்லை, வெறும் திரைதான். ஆகவே சிவப்புக் கீரைக்கு ஒளியில் சிறிய நட்டம் உண்டு. கடும் வெயிலில் அந்த நட்டம் உண்மையில் ஒரு குடைதான், அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. நிழலில் வளர்த்தால் கீரை நிறம் வெளிறுவதையும் கவனித்திருப்பீர்கள்.

மாந்தளிரும் வேப்பந்தளிரும் சிவந்து வருவது வேறு நிறப்பொருளால், அந்தோசயனினால். பச்சையவுருமணி இன்னும் முற்றாத பிஞ்சு இலைக்கு முழு வெயில் தாங்காது. முற்ற முற்றச் சிவப்பு குறைந்து பச்சை ஏறும்.

இலையைச் சாராயத்தில் போட்டுப் பச்சையத்தை எடுத்தோம். டோர்ச் அடித்தபோது சிவப்பாகத் தெரிந்தது. பழுதாகிவிட்டதா?

பழுதில்லை, அதிர்ஷ்டம். பல வகுப்புகளில் இதைக் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

பச்சைச் சாற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: கடும் பச்சை. இனி அறையை இருட்டாக்கி, கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா டோர்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். டோர்ச் வெளிச்சம் விழும் ஓரம் இரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையம் நீலத்தையும் ஊதாவையும் பிடித்து, கொடுக்க இடமில்லாமல், சக்தி குறைந்த சிவப்பாகத் திருப்பி வீசுகிறது. டேவிட் ப்ரூஸ்டர் 1834ல் இலைச் சாற்றில் இதை முதலில் பதிவு செய்தார்.

உயிருள்ள இலையும் இதைச் செய்கிறது. ஆனால் அங்கே பிடித்த சக்தியில் பெரும்பங்கு வேலைக்குப் போய்விடுவதால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இப்படி வெளியேறும், கண்ணுக்குத் தெரியாது. கருவிகளுக்குத் தெரியும். நாசா 2014ல் ஏவிய ஓ.சி.ஓ. 2 செய்மதி விண்ணிலிருந்தே காடுகளினதும் வயல்களினதும் இந்தச் சிவப்பு மினுக்கத்தை அளக்கிறது.

சாறு எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: மதுசாரத்தை நேரே நெருப்பில் வைக்க வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

நிறக் கண்ணாடித் தாளைச் சுற்றிச் செய்யும் மாப்பொருள் பரிசோதனை எங்களுக்குச் சரியாக வருவதில்லையே?

பெரும்பாலும் தாளில்தான் பிரச்சினை.

வழமையான முறை உங்களுக்குத் தெரியும். சாடியில் உள்ள செவ்வரத்தை போன்ற ஒன்றை 48 மணித்தியாலம் இருட்டில் வைத்து இலையின் மாப்பொருளைத் தீர்க்க வேண்டும். பிறகு ஒரு இலைக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நிறமற்ற தாள் என்று மூடி வெயிலில் வைத்து, கொதிநீர், மதுசாரம், அயடீன் என்று போக வேண்டும். மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். இதில் நிறமற்ற தாளை மறந்தால் ஒப்பிட ஒன்றும் இல்லை.

இனி தாள். அன்பளிப்புப் பொதி சுற்ற விற்கும் பச்சைத் தாளில் பல, சிவப்பையும் தாராளமாக உள்ளே விடும். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பச்சைத் தாளின் மேல் சிவப்புத் தாளை வைத்து, வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிந்தால் தாள்கள் நல்லவை. மங்கலான பழுப்பில் வானம் தெரிந்தால் பச்சைத் தாள் சிவப்பைக் கசியவிடுகிறது. இன்னும் ஒரு மடிப்பு சேர்க்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. நீலத் தாள் பொதுவாக அதிகம் இருட்டாக்கும். நீலத்தில் மாப்பொருள் குறைவாக வந்தால் அது நிறத்தாலா, இருட்டாலா? கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைப் போட்டுச் சமப்படுத்தலாம் என்று நினைப்பீர்கள். அதுவும் ஏமாற்றும். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சைக்கு ஏங்குகிறது, நீலத்தையும் கடும் சிவப்பையும் மதிப்பதில்லை. இலையின் கணக்கு வேறு. பாடசாலை மட்டத்தில் இதை முழுதாகத் தீர்க்க முடியாது, ஆனால் அறிக்கையில் இந்தக் குறையை ஒரு வரி எழுதும் பிள்ளைக்கு நான் கூடுதல் புள்ளி போடுவேன்.

குளத்து நீர்ச்செடியான ஐதரில்லாவை வைத்து ஒட்சிசன் குமிழி எண்ணுபவர்கள் நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். காபனீரொட்சைட்டு தட்டுப்பாடாக இருந்தால் எந்த நிறம் அடித்தாலும் ஒரே எண்ணிக்கைதான் வரும்.

நிழல்வலை பச்சையா, கறுப்பா? எதை வாங்குவது?

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அது எத்தனை வீதம் மறைக்கிறது என்று கேளுங்கள். 50 வீதமா, 75 வீதமா என்பதில்தான் நாற்றின் தலையெழுத்து இருக்கிறது.

கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைக்கும். உள்ளே வருவது குறைந்த வெயில், அவ்வளவுதான். பச்சை வலை சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாகப் பிடித்துவைத்து, பச்சையைக் கூடுதலாக உள்ளே விடும். செடி செய்ய வேண்டியதைத் தான் செய்துகொண்டு மிச்சத்தைச் செடிக்குக் கொடுக்கிற மாதிரி. பச்சை ஒளி வீணில்லை என்று மேலே சொன்னது உண்மைதான். ஆனாலும் ஒரே வீதமான இரண்டு வலையில் கறுப்பின் கீழ்தான் இலைக்குப் பயனுள்ள வெளிச்சம் சற்று அதிகம். ‘பச்சை செடிக்கு இயற்கையானது’ என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு விலையை மட்டும் கேளுங்கள்.

கறுப்புக்கு ஒரு குறை: சூடாகும். நாற்றின் தலைக்கு மேலே ஒட்டிக் கட்டாமல், ஆள் உயரத்துக்கு மேலே, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து கட்டினால் அந்தச் சூடு இறங்காது. வெள்ளை வலையோ வெள்ளிநிற வலையோ கிடைத்தால் அவை சூட்டைத் திருப்பிவிடும், வெளிச்சத்தையும் பரப்பும்; விலை ஏறும்.

மிளகாய் நாற்று முளைத்து நிலைக்கும் வரை நிழல் நல்லது. நடுவதற்கு முன்னான நாள்களில் வலையை மெல்ல மெல்ல விலக்கி வெயிலுக்குப் பழக்க வேண்டும். வலைக்குள்ளேயே கடைசிவரை வைத்து, ஒரே நாளில் வெட்டவெளியில் நட்டால் இலை வெளிறிக் கருகும். அப்போது வலையின் நிறத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

மாமரத்தின் கீழ் வைத்த மிளகாய் உயர்ந்துகொண்டே போகிறது, காய்ப்பதில்லை. வெளிச்சம் குறைவுதான் காரணமா?

குறைவு ஒரு காரணம். நிறம் இன்னொரு காரணம், அதுதான் சுவாரசியம்.

மாவிலைக் கூட்டம் சிவப்பை (660 நனோமீற்றர் அண்டியது) வடித்து எடுத்துவிட்டு, தூரச் சிவப்பை (730 அண்டியது) அப்படியே கீழே விடுகிறது. திறந்த வெளியில் இரண்டும் ஏறக்குறைய சம அளவு. சிவப்பு சற்றுக் கூட. அடர்ந்த இலைகளின் கீழ் தூரச் சிவப்பு சிவப்பைப்போலப் பல மடங்காகிவிடும். நம் கண் தூரச் சிவப்பைச் சரியாகக் காணாது, அதனால் நமக்கு அது வெறும் நிழல். செடியில் பைற்றோகுரோம் என்ற உணரி இருக்கிறது. அது இந்த விகிதத்தைப் பார்த்தே ‘மேலே இன்னொருவர் நிற்கிறார்’ என்று கண்டுபிடிக்கும். உடனே தண்டை நீட்டும், கிளை விடுவதைக் குறைக்கும். வெளிச்சத்தை எட்டிப் பிடிப்பதற்காக, கையிலிருந்த மாச்சத்தைத் தண்டுக்குக் கொட்டுகிறது. காய்க்கு என்ன மிஞ்சும்?

இதற்குப் பசளை போட்டால் இன்னும் உயரும். கிளையைக் கவாத்துப் பண்ணுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் நிழலுக்குப் பழகிய இஞ்சி, மஞ்சள் என்று வையுங்கள்.

விதைகளும் இதே உணரியை வைத்து முடிவெடுக்கின்றன. 1952ல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வுகூடத்தில் சலாது விதைகளுக்குச் சிவப்பையும் தூரச் சிவப்பையும் மாறி மாறி அடித்தார்கள். கடைசியாக அடித்தது சிவப்பென்றால் முளைத்தன, தூரச் சிவப்பென்றால் பெரும்பாலும் முளைக்கவில்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டில் ஒரு மரம் விழுந்ததும் அந்த இடம் மட்டும் சடுதியாகப் பூண்டால் நிறைவதிலும் இதற்குப் பங்குண்டு.

ஊதா வெளிச்ச எல்.ஈ.டி. பல்ப் வாங்கலாமா?

மின்சாரக் கட்டணம் கட்டுபவர் நீங்கள் என்றால், முதலில் வெளியே எட்டிப் பாருங்கள். வன்னியில் நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 2000 மைக்ரோமோல் (துணிக்கைகளை எண்ணும் அலகு) ஒளித்துணிக்கைகள் விழுகின்றன. 9 வாட்ஸ் வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் ஒன்றின் முழு வெளிச்சத்தையும் ஒரு சதுர மீற்றரில் பரப்பினால் கிடைப்பது சுமார் 15. வெளிச்சமாகத் தெரியும் ஒரு வரவேற்பறையில் 10கூட இருக்காது. பல செடிகள் தாம் சுவாசிப்பதை ஈடுகட்டவே இதைவிடக் கூடக் கேட்கும். வீட்டுக்குள் செடி நோஞ்சானாக நிற்பதற்குக் காரணம் வெளிச்சம் பத்தாமை. நிறம் அதற்குப் பிறகுதான்.

சிவப்பு, நீலச் சில்லுகள் கலந்த அந்த ஊதா விளக்குகள் ஏமாற்று வேலை அல்ல. மின்சாரத்தை இலைக்கு வேண்டிய துணிக்கைகளாக மாற்றுவதில் சிவப்புச் சில்லு மிகச் சிக்கனம், நீலம் செடியின் உருவத்தைக் காக்கிறது. கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காகச் சலாது வளர்க்கும் நாடுகளில் அந்தச் சிக்கனம் பெரிய பணம். ஆனால் அவர்களும் இப்போது வெள்ளையைக் கலக்கிறார்கள். ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். நோய்ப் புள்ளி, மஞ்சள், பூச்சி எதையும் கண்ணால் பிடிக்க முடியாது.

சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. உள்ளே நீலச் சில்லும் மேலே மஞ்சளாக ஒளிரும் பூச்சும் உள்ளது. ஆக அதில் நீலம் உண்டு, பச்சை உண்டு, சிவப்பும் ஓரளவு உண்டு. (அந்த நீலச் சில்லுக்குத்தான் 2014ன் பௌதிக நோபல் பரிசு.) நாற்றுத் தட்டு ஒன்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இப்படியான இரண்டு பல்பைத் தொங்கவிட்டால், விலை கூடிய ஊதா விளக்கை ஆளுயரத்தில் மாட்டுவதைவிட நன்றாக வளரும். இழைய வளர்ப்பு ஆய்வுகூடம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. வீட்டுக்காரருக்கு என் அறிவுரை: சாடியைத் திண்ணைக்குத் தூக்குங்கள்.

கிரவல் ரோட்டுப் புழுதி இலையில் செம்மையாகப் படிகிறது. அதன் நிறத்தால் பாதிப்பு உண்டா?

நிறத்தால் சிறிதளவு. செம்புழுதி நீலத்தை அதிகம் விழுங்கும். பெரிய பாதிப்பு மறைப்பதாலும், இலையைச் சூடாக்குவதாலும், இலைவாயில் படிவதாலும் வருகிறது. ரோட்டோரக் கத்தரிக்கு மாலையில் தண்ணீர் அடிக்கும்போது இலையையும் ஒருமுறை கழுவிவிடுங்கள். வேலியில் கிளிசரியாவை அடர்த்தியாக வைத்தால் புழுதி பாதி அங்கேயே நிற்கும்.

இலை மஞ்சளானால் ஒளித்தொகுப்பு நின்றுவிடுமா?

நிற்காது, குறையும். மஞ்சள் என்றால் பச்சையம் குறைவு. நைதரசன், இரும்பு, மகனீசியம் ஏதாவது தட்டுப்பாடாக இருக்கலாம், வேர் நீரில் மூழ்கியிருக்கலாம். மஞ்சள் அடி இலையில் தொடங்கினால் நைதரசன் அல்லது மகனீசியம் என்றும், குருத்தில் தொடங்கினால் இரும்பு என்றும் முதலில் சந்தேகப்படுங்கள். நெல்லுக்கு இலை நிற அட்டை என்று ஒன்று உண்டு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய மலிவான பிளாஸ்டிக் பட்டை. இளம் பச்சை முதல் கடும் பச்சை வரை கட்டங்கள் இருக்கும். நிழலில் நின்று இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து யூரியா போடுவதா விடுவதா என்று முடிவெடுக்கலாம். கடும் பச்சையாக வர வேண்டும் என்று அள்ளிக் கொட்டினால் ஒளித்தொகுப்பு கூடுகிறதோ இல்லையோ, நெல்லைத் தாக்கும் பூச்சியான கபிலத்தத்தியனுக்குக் கொண்டாட்டம்.

கார்த்திகை, மார்கழி மழை இருட்டில் பயிர் பட்டினி கிடக்குமா?

கனத்த இருட்டு நாள்களில் விளைச்சலுக்கு அடிதான். ஆனால் மெல்லிய முகில் நாளை வெறும் நட்டமாகக் கணக்குப் போட வேண்டாம். நேர் வெயிலில் மேலிலைகள் நிரம்பி வழிய, அடி இலைகள் இருட்டில் கிடக்கும். முகில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் பயிரின் உள்ளேயும் இறங்கும். மொத்தம் குறைந்தாலும் பங்கீடு நன்று. காலபோக நெல்லுக்கு மழைநாள் வெளிச்சம் மிகவும் வலிப்பது கதிர் உருவாவது முதல் பால் பிடித்து முற்றும் வரையான காலத்தில்.

கடல் பாசி சிவப்பாகவும் மண்ணிறமாகவும் இருப்பது ஏன்?

நீர் சிவப்பை முதல் சில மீற்றரிலேயே விழுங்கிவிடும். கீழே போகப் போக நீலமும் பச்சையும்தான் மிச்சம். செம்பாசிகளில் உள்ள பைக்கோஎரித்திரின் என்ற நிறப்பொருள் பச்சையைப் பிடிக்கிறது; சிவப்புக் கீரையின் சிவப்பைப்போலத் திரையாக நிற்காமல், பிடித்ததைப் பச்சையத்துக்குக் கொடுக்கவும் செய்கிறது. பஹாமாஸ் கடலில் 1984ல் 268 மீற்றர் ஆழத்தில் செம்பாசி ஒன்றைக் கண்டார்கள். அங்கே மேற்பரப்பு வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் பழைய புத்தகங்களில் சொல்வதுபோல மேலே பச்சை, நடுவில் மண்ணிறம், ஆழத்தில் சிவப்பு என்று ஒழுங்காக அடுக்கியிருக்காது. பூநகரிப் பக்கம் வலைப்பாட்டுக் கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கும் காப்பாபைக்கஸ் செம்பாசிதான். அது கரையோர ஆழமற்ற நீரில் நன்றாக வளர்கிறது, சிலவேளை பச்சையாகவும் மண்ணிறமாகவும் கூடத் தெரியும்.

நிலவு வெளிச்சத்திலும் தெரு விளக்கிலும் ஒளித்தொகுப்பு நடக்குமா?

பூரணை நிலவு அரை லக்ஸ்கூட இல்லை. நடுப்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ். சாப்பாட்டுக்கு ஒன்றும் வராது. தெரு விளக்கும் அப்படித்தான், நேர் கீழே நிற்கும் இலைக்கும் சொற்பந்தான்.

ஆனால் தெரு விளக்கு வேறு விதத்தில் குழப்பும். பைற்றோகுரோம் இரவின் நீளத்தையும் கணக்கெடுக்கிறது, அதற்கு மிகக் குறைந்த வெளிச்சமே போதும். குறும்பகல் நெல்லினங்களில், விளக்குக் கம்பத்தின் கீழ் நிற்கும் வட்டம் மட்டும் பச்சையாகவே நின்று, மற்ற வயல் கதிர் தள்ளிய பிறகு பிந்திப் பூக்கும். இப்போது அதிகம் விதைக்கும் புதிய இனங்களில் இந்த உணர்ச்சி குறைவு. அப்படி ஒரு வட்டம் உங்கள் வயலில் தெரிந்தால், பசளைக் குறைவென்று நினைத்து அங்கே மட்டும் யூரியா எறிய வேண்டாம். விளக்கின் வெளிச்சம் வயல் பக்கம் விழாதபடி மறைப்புப் போட்டுத் தரும்படி பிரதேச சபையிடம் கேட்டுப் பாருங்கள்.